நயினார் அண்ணன் அனுப்பிய கோள்

1998 மார்ச் 3, செவ்வாய்

சுயம்பு அண்ணன் பேப்பரைக் கொண்டுவந்து கொடுத்ததுதான் வினை. பக்கத்து வீட்டுக்காரர், தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். கடையில் நாலு பேர் படித்துக் கசக்கிய பேப்பரை மத்தியானம் அப்பாவுக்குக் கொண்டுவந்து போடுவார். ஜெர்மன்காரர்கள் விட்ட செயற்கைக்கோள் ஒன்று பிடி தவறிக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறதாம். இந்த மாதக் கடைசிக்குள் எங்கேயாவது விழுமாம். எங்கே என்று விட்டவர்களுக்கே தெரியாதாம்.

அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். நெஞ்சில் நீர் கோத்து, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே தூங்குகிற மனிதர். கஞ்சி குடிக்க நான் எழுப்பினால் மலையைப் புரட்டச் சொன்ன மாதிரி முனகுகிறவர்.

"ஏளா சத்தி, இது நம்ம நயினாரு செஞ்சதுல்லா!"

நயினார் என் அண்ணன். ஜெர்மனியில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். அந்தக் கோளில் ஏதோ ஒரு தகட்டில் அவன் கை பட்டிருப்பதாக எப்போதோ ஒரு புது வருஷ வாழ்த்து அட்டையில் எழுதியிருந்தான். கூடவே ஒரு போட்டோ. தலையில் வெள்ளைத் துணித் தொப்பியோடு, கல்யாண வீட்டுச் சமையல்காரர் மாதிரி நிற்பான். அதை வைத்துக்கொண்டு கோளையே இவன் பெற்று வளர்த்து அனுப்பிய மாதிரி அப்பா பேசுவார். எங்கள் தெருவில் கோள் என்றால் ஒருத்தரைப் பற்றி இன்னொருத்தரிடம் மூட்டிவிடுவது. அதைச் செய்கிறவர்களுக்கு யாரும் மாலை போட்டு நான் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடத்தில் நான் ஆக்கிப்போடுகிற சத்துணவுக்கு வந்த முட்டையில் பாதி கூமுட்டை. ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வையில், நானே அடைகாத்துக் கெடுத்துவிட்டேன் போலிருக்கிறது.

மார்ச் 4, புதன்

அப்பாவின் கால் வீக்கம் முழங்கால் வரை ஏறிவிட்டது. பேப்பரில் வந்த செய்தியைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டச் சொன்னார். சோற்றுப் பருக்கையால் ஒட்டினேன்.

மார்ச் 5, வியாழன்

டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "இதயம் ரொம்பப் பெருத்துப்போச்சும்மா. பாக்க வேண்டியவங்க யாரும் இருந்தா வரச் சொல்லிருங்க" என்றார். உள்ளே போனால் அப்பா அதையேதான் சொல்கிறார். அவருக்குக் காது மட்டும் கெடவில்லை.

"நயினார ஒருதடவ கண்ணால பாத்துட்டா போதும்ளா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

வேற ஒண்ணும் வேண்டாம் என்றால் அந்த ஒண்ணு நான்தான். எட்டு வருஷமாக இவருக்குக் கஞ்சியும் வெந்நீரும் மாத்திரையும் நான்தான் பார்க்கிறேன்.

எட்டு வருஷம் என்பது அம்மா போனதிலிருந்து. எங்கள் பக்கத்தில் செத்தவரைச் செத்தார் என்று யாரும் செய்தி அனுப்புவதில்லை. கேட்டவர் வழியிலேயே நெஞ்சடைத்து விழுந்துவிடக் கூடாது என்று, "சீரியஸ், உடனே புறப்படு" என்றுதான் சொல்வார்கள். கேட்கிறவருக்கும் விஷயம் விளங்கிவிடும். பஸ் ஏறும்போதே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டுதான் ஏறுவார்கள். அண்ணனுக்கு வெளிநாட்டுத் தண்ணீரில் அது மறந்துபோயிற்று. "அம்மா சீரியஸ்" என்று அப்பா கொடுத்த தந்தியை எழுத்துக்கு எழுத்து நம்பி, பெட்டி நிறைய மருந்தோடு வந்து இறங்கினான். ஐஸ்கட்டிக்கு நடுவில் அம்மாவைப் பார்த்ததும் அந்தப் பெட்டியை அப்பா காலடியில் போட்டு உடைத்தான். ஊர் கூடி நிற்கும்போது, "பொய் சொல்லி வரவச்சிட்டீங்கல்லா" என்று கத்தினான். அப்பா பி.டி. மாஸ்டராக இருந்தவர், மைதானத்துக் குரல். "இனி நீ என் சாவுக்கு வந்தா போதும்ல" என்று அவர் சொன்னது தெருமுனை வரை கேட்டது.

அவனும் அப்பா சொல் தட்டாத பிள்ளை. அதற்குப் பிறகு வரவில்லை. அட்டை மட்டும் வரும்.

மார்ச் 6, வெள்ளி

ராத்தூக்கம் இல்லாத மனிதரை மாடிக்குத் தூக்க வேண்டியதாயிற்று. இன்று பொழுது அடைந்ததும் அந்தக் கோள் நம் பக்கத்து வானத்தைக் கடந்து போகும், வெறும் கண்ணுக்கே தெரியும் என்று பேப்பரில் போட்டுவிட்டான். சுயம்பு அண்ணனும் கடையில் இருந்த இன்னொருவரும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். பின்னால் தலையணை, செம்பு, விசிறியோடு நான். சாமி புறப்பாட்டுக்குச் சாமான் தூக்குகிறவள் மாதிரி.

உப்பளத்துக்கு மேலே வானம் இன்னும் கொஞ்சம் வெளுத்திருந்தது. அப்பா கையைப் புருவத்துக்கு மேல் வைத்துக்கொண்டு வடக்கே பார்த்தார். சுயம்பு அண்ணன் சும்மா இருக்கமாட்டாமல், "மாஸ்டருக்குக் குடுத்துவச்சிருக்கு. புள்ள பேரு வானத்துல ஓடுது" என்றார்.

"ரெண்டு பெத்தேன் சுயம்பு. ஒண்ணு வானத்துல ஏறுச்சு. ஒண்ணு வாசலுக்குத் திரும்பி வந்துட்டு."

சொல்லிவிட்டு அப்பா சிரித்தார். சுயம்பு அண்ணன் சிரிக்கவில்லை. அவர் என்னைப் பார்க்காமல் இருக்கத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். திரும்பி வந்தவள் நான். கட்டினவன் வேறொருத்தியோடு போய்விட்டான் என்று தாசில்தாரிடம் சான்று வாங்கி, அந்தச் சான்றால் சத்துணவு வேலை வாங்கி, அந்த வேலையில் அவருக்கு மாத்திரை வாங்குகிறவள்.

அப்போதுதான் பார்த்தேன். தெற்கே, தென்னை மரத்துக்கு மேலே, ஒரு வெள்ளிப் புள்ளி. மினுக்காமல், அவசரப்படாமல் போய்க்கொண்டிருந்தது. அப்பாவும் சுயம்பு அண்ணனும் வடக்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் போய்விட்டது.

வாயைத் திறக்க அவ்வளவு நேரமா என்று கேட்டால், எனக்குக் கழுத்து வலி.

மார்ச் 8, ஞாயிறு

நேற்று ராத்திரி அப்பாவுக்கு மூச்சு இழுத்தது. விடிந்ததும், "அவனுக்கு ஒரு போன் போடுளா, என் கண்ணு மூடுததுக்குள்ள வரச்சொல்லு" என்று கையைப் பிடித்துக்கொண்டார். என் கையை அவர் பிடித்து ரொம்ப நாளாகிறது. வாழ்த்து அட்டையின் பின்னால் இருந்த நம்பரை எடுத்துக்கொண்டு ஜெபராஜின் டெலிபோன் பூத்துக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரே வெக்கை. நாலைந்து தடவை முயற்சி செய்த பிறகு மணி அடித்தது.

"அண்ணே, நான் சத்தி பேசுதேன். அப்பா சீரியஸ்."

"எப்போ?" என்றான்.

"நேத்து ராத்திரி."

நேற்று ராத்திரிதானே மூச்சு இழுத்தது.

"எனக்காகப் போட்டு வைக்க வேண்டாம் சத்தி. எடுத்துருங்க. பதினாறுக்கு வந்துருதேன்."

அதற்குள் லைன் கட்டாகிவிட்டது.

ஜெபராஜ் கதவைத் திறந்து, "இன்னொருதடவ போடவாக்கா?" என்றான். "வேண்டாம், பேசியாச்சு" என்றேன். அடுப்பில் பருப்பு கிடந்தது. அடி பிடித்தால் யார் தேய்ப்பது?

அப்பா வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். "என்னளா சொன்னான்?"

"ரெண்டு வாரத்துல வாரேன்னு சொன்னான்."

இதில் எந்தச் சொல் பொய் என்று யாராவது எனக்குக் காட்டட்டும்.

மார்ச் 9, திங்கள்

அவன் அப்படி எடுத்துக்கொள்வான் என்று எனக்கு எப்படித் தெரியும்? இருக்கிறதைத்தான் சொன்னேன். டாக்டரும் சீரியஸ் என்றுதான் சொன்னார். அப்பா உயிரோடு இருக்கிறாரா என்று ஒரு வார்த்தை கேட்க அவனுக்கு வாயில்லையா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

"எடுத்துருங்க" என்று எவ்வளவு சுளுவாகச் சொன்னான்! வாசலில் கிடக்கிற காய்ந்த மட்டையை எடுக்கச் சொல்கிற மாதிரி. திரும்பக் கூப்பிட்டு அவனுக்குச் சமாதானம் சொல்ல என்னால் ஆகாது.

மார்ச் 12, வியாழன்

இதுதான் கொடுமை. அப்பாவுக்குத் தெளிச்சி வந்துவிட்டது. இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கால் வீக்கம் வடிகிறது. மாத்திரைக்குக் கேட்காத உடம்பு, "வாரான்" என்ற ஒரு சொல்லுக்குக் கேட்கிறது. எட்டு வருஷம் நான் ஊற்றிய கஞ்சி எல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார்கள். நெஞ்சுக்கும் மருந்தாம்.

சாயங்காலம் மறுபடி மாடி. மேகம். ஒன்றும் தெரியவில்லை.

மார்ச் 14, சனி

காய்கறிக் கடையில் ஜெபராஜ். "அண்ணன் எப்போக்கா வாராவ? அன்னைக்குச் சரியாப் பேசுனீங்களா?"

"எங்க, பாதியில லைன் கட்டாயிட்டே."

"கட்டாகலியேக்கா. நீங்கல்லா போன வச்சீங்க. அங்கன ‘ஹலோ, ஹலோ’ன்னு சத்தம் வந்துச்சே."

அவனுக்குக் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு அடுத்தவர் பேச்சைக் கேட்பதுதான் தொழில். கத்தரிக்காய் சொத்தையாக இருந்தது. வாங்காமல் வந்துவிட்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

டாக்டர் ஆச்சரியப்பட்டார். "என்ன மாஸ்டர், சமாளிச்சிட்டீங்க!" என்றார். அப்பா, "எம்மவன் வாரான்லா" என்றார். டாக்டர் என்னைப் பார்த்து, "நல்ல வேலை செஞ்சீங்கம்மா" என்றார். எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு இதற்குத்தான்.

அவனுக்கு மறுபடி போன் போடலாமா என்று பூத் வரைக்கும் போனேன். ஜெபராஜ் இருந்தான். திரும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 21, சனி

விழுந்துவிட்டது. நேற்று விடிகாலையில், தென் அமெரிக்காவுக்கு அப்பால் ஏதோ ஒரு கடலில். பார்க்க ஒரு ஆள் கிடையாது. இத்தனை நாள் கழுத்தொடிய மாடியில் உட்கார்ந்திருந்ததற்கு, ஐந்து வரிச் செய்தி.

நான் பயந்துகொண்டே படித்துக் காட்டினேன். அப்பா கேட்டுவிட்டு, "சரி, விழட்டும். அவன் நாளைக்கோ நாளன்னைக்கோ வந்துருவான். கட்டில் விரிப்ப மாத்து" என்றார்.

மாற்றினேன்.

மார்ச் 22, ஞாயிறு

வந்துவிட்டான்.

காலையில் அப்பா வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சுயம்பு அண்ணன். நான் உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். ஆட்டோ சத்தம் கேட்டது. சுயம்பு அண்ணன், "யாரு, பழனிக்குப் போற கூட்டமா?" என்று கேட்டார். எட்டிப் பார்த்தேன்.

மொட்டைத் தலை. மீசையும் இல்லை. அண்ணன் தன் முகத்தை எங்கேயோ விட்டுவிட்டு வந்தவன் போல இருந்தான். பந்தல் போட்ட அடையாளம், வாழை மரம் என்று எதையோ தேடிக்கொண்டே இறங்கினான். அப்புறம் நாற்காலியைப் பார்த்தான். பை கையிலிருந்து விழுந்தது. அப்பாவும் காப்பித் தம்ளரைப் பாதி வழியில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தார். தலையைப் பார்த்தார், மீசை இருந்த இடத்தைப் பார்த்தார்.

பெற்றவர் போனால்தான் பிள்ளை அப்படி வருவான். தெருவில் போகிற நாய்க்கும் தெரியும் அது. அண்ணன் கண் அப்பாவை விட்டு என் பக்கம் வந்தது. நான் தேங்காயைப் பார்த்துக்கொண்டேன்.

அப்பாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"திருச்செந்தூர் போயிட்டு வாரியால?"

அண்ணன் குனிந்து, விழுந்த பையை எடுத்தான்.

"எனக்காக நேந்துகிட்டியா? முருகனுக்கு முடி குடுத்துட்டு வாரியா?"

"ஆமாப்பா" என்றான்.

அப்பா அழுதார். மைதானத்தில் பிள்ளைகளை வெயிலில் நிறுத்திவைத்த மனுஷன், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அண்ணன் அவர் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். சுயம்பு அண்ணன் கண்ணைத் துடைத்தார். அவர் பெண்டாட்டி மட்டும் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, "நேர்ச்சைக்கு மீசையும் எடுப்பாவளா?" என்று கேட்டாள்.

"எம்புள்ள மீசையும் சேத்துக் குடுத்திருக்காம்மா" என்றார் அப்பா.

மத்தியானம் அப்பா தூங்கியதும் அண்ணன் அடுக்களைக்கு வந்தான். குரலை அடக்கிக்கொண்டு பேசினான்.

"சீரியஸ்னு சொன்னியே."

"சீரியஸாத்தான இருந்தாரு."

"எப்போன்னு கேட்டேன். நேத்து ராத்திரின்ன."

"நேத்து ராத்திரிதான் மூச்சு இழுத்துச்சு."

"அம்மாவுக்கு அதே வார்த்தையச் சொல்லித்தான என்ன ஏமாத்துனீங்க? அப்போ உண்மைன்னு நம்பி ஓடி வந்தேன், பொணமாக் காட்டுனீங்க. இப்போ பொணம்னு நம்பி வாரேன், உக்காந்து காப்பி குடிக்காரு. நான் எதத்தான் நம்புதது?"

நான் ரசத்துக்குத் தாளித்தேன்.

"அங்க ஆத்துல நின்னு எள்ளும் தண்ணியும் விட்டேன் சத்தி. அந்தக் குளிருல. மந்திரம் சொல்ல ஆளில்ல, நானே அவரு பேரச் சொல்லி விட்டேன். உசுரோட இருக்க மனுஷனுக்கு!"

"செத்தாருன்னு பேச்சு வந்தா ஆயுசு கெட்டின்னு சொல்லுவாங்க. அதான் தேறிட்டாரு போல" என்றேன்.

என்னைப் பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால்கூடத் தேவலை. "சாவுக்கு வந்தா போதும்னாரு. அந்தச் சொல்லோட அவரப் பொணமாப் பாக்கப் பயந்துதான் எடுத்துருங்கன்னேன். வேற நினைச்சிராத" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்புறம் போய் நின்றுகொண்டான். அவன் முதுகு ஆடியது.

எனக்குப் பாவமாக இருந்தது. இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

மார்ச் 26, வியாழன்

வீட்டில் தேர் பார்க்க வந்த மாதிரி கூட்டம். வருகிறவர்கள் எல்லாரிடமும் அப்பா அதே கதையைச் சொல்கிறார். கப்பல் ஏறிப் போனவன் கடவுளை மறந்துவிடுவான் என்பார்களே, எம்மகன் அப்பனுக்காக முருகனிடம் முடி கொடுத்தான், அன்றைக்கே என் வீக்கம் வடிந்தது என்று. வந்தவர்கள் அண்ணனுடைய தலையைத் தடவிப் பார்க்கிறார்கள். அவன் குனிந்து காட்டுகிறான்.

வெந்நீரில் அப்பா முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வந்திருந்த பழைய வாத்தியார் ஒருவரிடம் என் தலைக்கு மேலே பேசினார்: "பெத்தா இப்படி ஒண்ணு பெறணும் சார்."

துணியைப் பிழிந்தேன். உண்மையைச் சொன்னால் அவன் கெடுவான், கூடவே நானும் கெடுவேன். சொல்லாவிட்டால் அவனுக்குக் கோயில் கட்டிவிடுவார்கள். நான் அவனுக்கு வைத்த குழி, அவனுக்கே மேடையாகிவிட்டது. குழி என்று எழுதிவிட்டேன். எழுதியதை அடிக்கவில்லை, இருக்கட்டும்.

மார்ச் 29, ஞாயிறு

அண்ணன் கிளம்பினான். அப்பாவைக் கட்டிக்கொண்டான். என்னிடம், "பாத்துக்க" என்றான். அப்பாவையா, என்னையா என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அப்பா விழித்துக்கொண்டிருந்தார். அண்ணன் போன நாளிலிருந்து கால் மறுபடி வீங்குகிறது. பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"ஏளா, அன்னைக்கு போன்ல அவன்ட்ட என்ன சொன்ன?"

"சீரியஸ்னேன்."

"ம்."

விசிறியை எடுத்துக் கொஞ்சம் வீசிக்கொண்டார். "மீசையப் பாத்தவொடனே தெரிஞ்சிட்டு. நானும் எங்கப்பனுக்கு எடுத்தவந்தான?"

அப்படியென்றால் அந்தத் திருச்செந்தூர், அந்த அழுகை, வந்தவர் போனவரிடம் எல்லாம் சொன்ன கதை. எல்லாமே தெரிந்துதான்.

"எனக்குத் தெரியும்னு அவன்ட்டச் சொல்லிராத. பாவம், நொந்துருவான்."

"சரி."

"நீ வேணும்னு செஞ்சிருக்கமாட்டன்னு எனக்குத் தெரியும். ஒனக்கு அம்புட்டுச் சாமர்த்தியம் கெடையாது."

என்னை மன்னித்தது அப்படித்தான். நான்தான் போனை வைத்தேன், தெரிந்துதான் வைத்தேன் என்று அவர் முகத்துக்கு நேரே கத்த வேண்டும் போல இருந்தது. எனக்கும் கொஞ்சம் விஷம் உண்டு என்றாவது இந்த மனிதருக்குத் தெரியட்டும். கத்தவில்லை.

"இன்னொண்ணு. நான் போனா அவனுக்கு போன் போடாத. அவன் செய்ய வேண்டியத செஞ்சிட்டான். ஒரே அப்பனுக்கு ரெண்டு மொட்டை போட வைக்கக் கூடாது."

"அப்போ கொள்ளி யாரு வைக்கது?"

"அதுக்குத்தான் நீ இருக்கியே."

அடுப்பில் பால் இருக்கிறது, பார் என்று சொல்கிற குரலில் சொன்னார். நீ இருக்கியே என்று இவர் வாயால் ஒரு நாள் கேட்க வேண்டும் என்று எத்தனையோ வருஷமாக ஆசைப்பட்டிருக்கிறேன். வந்தது, இதற்கு வந்தது.

"எனக்கு எடுக்க மீசை இல்லையேப்பா" என்றேன்.

அப்பா இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.